மிரர்லெஸ் கேமராவில் எந்த வீடியோ ஃபார்மட்? மெனுவுக்கு முன்னால் லேப்டாப்பைத் திறவுங்கள்

புதிதாக மிரர்லெஸ் கேமரா வாங்கும் பலரும் முதல் வாரத்தில் ஒரு வேலை செய்வார்கள், நானும் செய்தேன். மெனுவுக்குள் போய், இருப்பதிலேயே பெரிய எண் எதுவோ அதைத் தேர்ந்தெடுத்து வைத்துவிடுவது. இவ்வளவு காசு கொடுத்து வாங்கியாயிற்று, முழுசாகப் பயன்படுத்த வேண்டாமா என்ற நினைப்பு. அப்படி வைத்துக்கொண்டுதான் சித்தி பேத்தியின் காதுகுத்துக்குப் போனேன். 4கே, 60 ஃபிரேம் (விநாடிக்கு 60 படம்), 10-பிட், 200 எம்பிபிஎஸ், இவை என்ன என்பது பின்னால் வரும். சரியாக ஆசாரி ஊசியைக் கையில் எடுத்த நேரத்தில் 64 ஜிபி கார்டு நிரம்பிவிட்டது. கார்டை மாற்றுவதற்குள் ஒரு காது முடிந்து குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் மண்டபத்துக்குள் எடுத்த எல்லாவற்றிலும் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்ந்துகொண்டிருந்தன. அதைச் சரிசெய்யலாம் என்று லேப்டாப்பில் போட்டால் டைம்லைன் ஒரு ஃபிரேம் ஓடும், நாலு ஃபிரேம் நிற்கும்.

கேமரா மேல் குற்றமே இல்லை, நான் வைத்த ஃபார்மட்தான் காரணம். ஃபார்மட்டைக் கேமராவின் உச்சத்திலிருந்து கீழே இறங்கித் தேர்ந்தெடுக்கக் கூடாது. வீடியோவை யார் எதில் பார்க்கப் போகிறார்கள், அதை எந்தக் கணினியில் வெட்டி ஒட்டப் போகிறீர்கள் என்று பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். இதற்கு அப்புறம் சொல்வதெல்லாம் அதன் விவரம்தான்.

சோனியை வைத்துச் சொல்கிறேன். என் கையில் இருப்பது அது, மெனுவில் பெயர்கள் குழப்புவதும் அதில்தான் கொஞ்சம் அதிகம். வேறு கேமரா வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு ஒன்றே, பெயர் மட்டும் மாறும்.

முதல் வேலை: இருபது விநாடிச் சோதனை

கேமராவில் உள்ள ஒவ்வொரு முக்கிய ஃபார்மட்டிலும் இருபது விநாடி எடுங்கள். தெருவில் போகும் வண்டி, அடுப்பில் பொங்கும் பால், ஏதாவது அசைவது இருந்தால் போதும். ஒவ்வொரு கிளிப்பின் தொடக்கத்திலும் ஃபார்மட்டின் பெயரை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பிறகு எது எது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். கார்டில் பிரைவேட் என்ற ஃபோல்டர், அதற்குள் எம்4ரூட், அதற்குள் கிளிப் என்று போனால் எம்பி4 ஃபைல்கள் கிடைக்கும். அவற்றை லேப்டாப்பில் காப்பி செய்து, நீங்கள் உண்மையாகவே பயன்படுத்தப்போகும் எடிட்டிங் மென்பொருளில் போடுங்கள். சும்மா பிளேயரில் ஓட்டிப் பார்த்துவிட்டு ஓடுகிறதே என்று நினைக்க வேண்டாம், அது வேறு, எடிட்டிங் வேறு. டைம்லைனில் வரிசையாக அடுக்கி, ஒரு கலர் எஃபெக்ட்டும் மேலே ஒரு எழுத்தும் போட்டு ஓட விடுங்கள். பிறகு மவுசால் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது படம் கையோடு வந்தால் அந்த ஃபார்மட் உங்களுடையது. திக்கித் திணறி அரை விநாடி கழித்து வந்தால், அது எவ்வளவு உயர்ந்த தரமாக இருந்தாலும் மூன்று மணி நேரக் கல்யாண வீடியோவை அதில் எடுத்து வந்து உங்களால் எடிட் செய்து முடிக்க முடியாது.

ஏன் இப்படி என்றால், கேமரா வீடியோவைச் சுருக்கித்தான் எழுதும், எச்.264, எச்.265 என்பவை அப்படிச் சுருக்கும் முறைகள், மற்ற எண்களைப் பின்னால் சொல்கிறேன். எச்.264 வகையில் 8-பிட் 4:2:0 ஃபைலை விரித்துக் காட்டும் சிப் வசதி இன்று ஏறக்குறைய எல்லாக் கணினியிலும் இருக்கிறது. எச்.265 வகையில் 10-பிட் 4:2:2 அப்படியில்லை. இன்டெல்லில் 11ஆம் தலைமுறை முதல் அதனுடன் வரும் உள் கிராபிக்ஸ் அதைச் செய்யும், ஆப்பிளில் எம்1 முதல் செய்யும், என்விடியாவிலோ ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது. அதனால்தான் பெரிய விலை கொடுத்து வாங்கிய கேமிங் லேப்டாப் திணறும் இடத்தில் ஒரு சாதாரண மேக்புக் ஏர் அலட்டிக்கொள்ளாமல் ஓட்டும். என்னிடம் அப்போது இருந்தது 8ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம். பாவம், அதை அடித்து என்ன பயன்.

திணறுகிறது, ஆனாலும் அந்த ஃபார்மட்தான் வேண்டும் என்றால் பிராக்ஸி வழி இருக்கிறது. ஒரிஜினலுக்குப் பதிலாகச் சின்ன அளவு நகல்களை மென்பொருளே உருவாக்கிக்கொள்ளும், அவற்றை வைத்து எடிட் செய்துவிட்டுக் கடைசியில் ஒரிஜினலிலிருந்து வெளியே எடுக்கலாம். நகல் உருவாக ராத்திரி முழுக்க லேப்டாப்பை ஓடவிட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது: விளக்கைப் பாருங்கள்

மெனுவில் என்.டி.எஸ்.சி./பி.ஏ.எல். என்று ஒரு தேர்வு இருக்கும். முதலாவதில் 24, 30, 60 ஃபிரேம் கிடைக்கும், இரண்டாவதில் 25, 50. இரண்டாவதைச் சேர்த்து எழுதினால் ஆவின் நினைவு வருகிறது, அதனால் புள்ளி வைத்தே எழுதுகிறேன். பலர் இதை ஏதோ பழைய டிவிக் காலத்துச் சமாச்சாரம் என்று கடந்துபோவார்கள், அல்லது யூடியூபில் ஒரு அமெரிக்கர் 24 ஃபிரேம்தான் சினிமா என்று சொல்வதைக் கேட்டு என்.டி.எஸ்.சி.க்கு மாற்றிவிடுவார்கள்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் விநாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர், அதாவது ஒரு ஃபிரேம் வெளிச்சம் வாங்கும் நேரம், 1/50 விநாடி என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சரியாக இரண்டு துடிப்பு வெளிச்சம் கிடைக்கும், 1/100 என்றால் ஒன்று. எல்லா ஃபிரேமும் சமமாக இருக்கும். 1/60 அல்லது 1/125 வைத்தால் ஃபிரேமின் சில வரிகளுக்குக் கொஞ்சம் அதிகம், சில வரிகளுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த வித்தியாசம்தான் ஊர்ந்து போகும் பட்டை. வீட்டிலேயே பார்த்துவிடலாம். பழைய சோக் போட்ட டியூப்லைட்டுக்குக் கீழே வெள்ளைச் சுவரைப் பார்த்துக் கேமராவை வைத்து, ஷட்டரை 1/50இலிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். 1/60க்குப் போனதும் சுவர் லேசாக மூச்சுவிடுவதுபோல் தெரியும், 1/125இல் சாம்பல் நிறப் பட்டை தெளிவாகத் தெரியும், திரும்ப 1/100க்கு வந்தால் காணாமல் போகும். இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் ஷட்டர் எண்ணை மறக்கவே மாட்டீர்கள்.

ஆகவே தமிழ்நாட்டில் எடுப்பவர் பி.ஏ.எல்., 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று தொடங்கலாம். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, துபாய் எல்லாம் 50 ஹெர்ட்ஸ்தான். டொரன்டோவில் தங்கையின் வளைகாப்பை எடுக்கப் போகிறீர்கள் என்றால் அங்கே 60 ஹெர்ட்ஸ், அப்போது என்.டி.எஸ்.சி.க்கு மாற்றி 30 ஃபிரேம், 1/60 வையுங்கள். ஒரு எச்சரிக்கை, சில பாடிகளில் (கேமராக்களில்) இதை மாற்றினால் கார்டை ஃபார்மட் செய்யச் சொல்லும், அதாவது எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லும், எனவே நிகழ்ச்சிக்கு நடுவில் இந்தப் பக்கமே போகாதீர்கள்.

மண்டபங்களில் இப்போது டியூப்லைட்டை விட எல்இடி அதிகம். விலை குறைந்த மேடை எல்இடிகள் தங்கள் இஷ்டத்துக்கு ஒரு வேகத்தில் துடிக்கும், 1/50 அங்கே உதவாமல் போகலாம். புதிய பாடிகள் சிலவற்றில் ஷட்டரை மிகச் சிறிய படிகளாக நகர்த்தும் வசதி உண்டு, பட்டை மறையும்வரை நகர்த்திப் பாருங்கள். இல்லாவிட்டால் முன்கூட்டியே போய் மேடை விளக்கை எரியவிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

4கே வேண்டுமா?

வேண்டும், பெரும்பாலும். பார்ப்பவர்கள் ஃபோனில்தான் பார்ப்பார்கள், வாட்ஸ்அப்பில் போட்டால் எதையும் நசுக்கிவிடும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் 4கே எடுப்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது, அது வெட்டுவது. 4கே என்பது 3840க்கு 2160, ஃபுல் எச்டி 1920க்கு 1080, புள்ளிக் கணக்கில் நான்கு மடங்கு. கடைசி வீடியோ ஃபுல் எச்டியில்தான் போகப்போகிறது என்றால், 4கேயில் எடுத்ததை எடிட்டிங்கில் இரண்டு மடங்கு வரை பெரிதாக்கினாலும் மங்காது. ஒரே கேமராவை வைத்து அகலக் காட்சி ஒன்று, முகக் காட்சி ஒன்று என்று இரண்டு எடுத்ததுபோலக் காட்டலாம்.

ரீல்ஸ் கேட்காத வீடு இப்போது இல்லை. கிடைமட்டமாக எடுத்த 4கேயிலிருந்து செங்குத்தாக வெட்டினால் அகலம் 1215 புள்ளி கிடைக்கும், ரீல்ஸுக்குத் தேவை 1080. ஃபுல் எச்டியிலிருந்து வெட்டினால் கிடைப்பது 607தான், அதை இழுத்துப் பெரிதாக்கினால் மணப்பெண் முகம் மாவு பூசியதுபோல் ஆகிவிடும்.

ஃபுல் எச்டி போதும் என்று நான் நினைக்கும் இடங்கள் உண்டு. மூன்று மணி நேரப் பட்டிமன்றம், பள்ளி ஆண்டு விழா, கோயிலில் முழு இரவு கூத்து. அங்கே நேரமும் சூடும் பேட்டரியும்தான் கவலை.

ஃபிரேம் ரேட்

சாதாரணமாக 25. ஸ்லோமோஷன் வேண்டும் என்று முன்பே தெரிந்த காட்சிக்கு மட்டும் 50, எடிட்டிங்கில் 25 டைம்லைனில் போட்டுப் பாதி வேகமாக்கலாம். பூ தூவுவது, முடி பறப்பது, பந்தல் வாசலில் பன்னீர் தெளிப்பது, இவ்வளவுக்குத்தான். எல்லாவற்றையும் 50இல் எடுத்து வைத்துக்கொள்வோம், தேவைப்பட்டால் பார்க்கலாம் என்பது நல்ல யோசனைபோல் தோன்றும், அது கார்டையும் லேப்டாப்பையும் சேர்த்துத் தின்னும். வெளிச்சம் குறைந்த இடத்தில் ஷட்டரை 1/100 ஆக்க வேண்டியிருப்பதால் ஐஎஸ்ஓவும் (வெளிச்ச உணர்திறன்) ஏறி நெல் தூவியதுபோல் புள்ளி வரும்.

இன்னொரு விஷயம், காட்சி ஒடுங்குவது. சோனி ஏ7 மார்க் 4இல் 4கே 50 அல்லது 60 வைத்தால் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும், 24 எம்எம் லென்ஸ் 36 எம்எம் போல ஆகிவிடும். இசட்வி-இ10இல் 4கே 30 வைத்தால் 1.23 மடங்கு ஒடுங்கும், 25இல் முழு அகலம் கிடைக்கும். சின்ன வீட்டுக் கூடத்தில் சுவரோடு சுவராக ஒட்டி நின்று எடுப்பவருக்கு இது பெரிய வித்தியாசம். உங்கள் பாடியில் எப்படி என்று பார்க்க, டிரைபாடில் வைத்து ஃபிரேம் ரேட்டை மட்டும் மாற்றிப் பாருங்கள், ஓரத்தில் இருக்கும் நாற்காலி வெளியே போனால் ஒடுங்குகிறது என்று அர்த்தம்.

எஸ் அண்டு க்யூ என்று ஒரு முறை டயலில் இருக்கும், ஸ்லோமோஷனை கேமராவே செய்து தரும். அதில் சத்தம் பதிவாகாது. தெரியாமல் அதில் விட்டுவிட்டுத் தாலி கட்டுவதை எடுத்தால் கெட்டிமேளமும் இல்லை, நாதஸ்வரமும் இல்லை. 50 ஃபிரேம் சாதாரண முறையில் எடுத்தால் சத்தம் இருக்கும், வேகத்தைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். வேறொருவர் கேமராவோடு சேர்ந்து எடுக்கிறீர்கள் என்றால் மெயின் கேமராமேனிடம் போய், அண்ணே நீங்க என்ன ஃபிரேம்ல இருக்கீங்க என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவர் 25, நீங்கள் 30 என்றால் எடிட்டர் இருவரையும் திட்டுவார்.

அந்தப் பெயர்களைப் பிரித்துப் படிப்பது

சோனி மெனுவில் ஃபைல் ஃபார்மட் என்ற இடத்தில் எக்ஸ்ஏவிசி எஸ், எக்ஸ்ஏவிசி எச்எஸ், எக்ஸ்ஏவிசி எஸ்-ஐ என்று மூன்று வரும். எஸ் என்பது எச்.264. எச்எஸ் என்பது எச்.265, 2013இல் வந்த முறை, அதே படத் தரத்துக்கு ஏறக்குறைய பாதி இடம் போதும், ஆனால் விரிக்கக் கணினிக்கு அதிக வேலை. எஸ்-ஐ என்பது எச்.264 தான், ஆனால் ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாக எழுதும்.

இதை மளிகைக் கடைக் கணக்கு நோட்டுபோல நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடைக்காரர் திங்கட்கிழமை மட்டும் முழு இருப்பையும் எண்ணி எழுதுகிறார், மற்ற நாட்களில் எது வந்தது எது போனது என்பதை மட்டும் எழுதுகிறார். நோட்டு மெலிந்திருக்கும், ஆனால் வியாழக்கிழமை எத்தனை கிலோ துவரம்பருப்பு இருந்தது என்று கேட்டால் திங்களிலிருந்து கூட்டிக் கழித்து வர வேண்டும். எஸ், எச்எஸ் இரண்டும் இப்படித்தான். தினமும் முழு இருப்பை எழுதுபவர் எஸ்-ஐ. கேட்டவுடன் சொல்வார், நோட்டு மட்டும் மலைபோல் சேரும். எஸ்-ஐ எடிட்டிங்கில் வழுக்கிக்கொண்டு ஓடும் என்பது உண்மை, ஆனால் 4கே 50இல் 500 எம்பிபிஎஸ், மணிக்கு 225 ஜிபி. தொடங்கும் ஒருவருக்கு அது தேவையே இல்லை என்பது என் கருத்து.

ஏ7 மார்க் 4 போன்றவற்றில் பி.ஏ.எல். வைத்துவிட்டு எச்எஸ் 4கேயில் 25ஐத் தேடாதீர்கள், வராது. 25 வேண்டுமென்றால் எஸ்-க்குத்தான் போக வேண்டும். இதைத் தெரியாமல் நான் ஒரு மாலை முழுவதும் கேமரா கெட்டுவிட்டதோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

8-பிட்டா, 10-பிட்டா

8-பிட்டில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படி, 10-பிட்டில் 1024. பார்த்த மாத்திரத்தில் வித்தியாசம் தெரியாது. சூரியன் மறைந்த பிறகு ஆரஞ்சிலிருந்து நீலத்துக்கு மெல்ல மாறும் வானத்தை எடுத்து, எடிட்டிங்கில் கான்ட்ராஸ்ட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள். 8-பிட்டில் வானம் படிப்படியாக, குளத்துப் படிக்கட்டுபோல் உடையும். 10-பிட்டில் வழவழப்பாகவே இருக்கும். அதாவது நிறத்தைப் பிறகு இழுத்துப் பிடித்து வேலை செய்பவருக்குத்தான் 10-பிட். எடுத்ததை அப்படியே வெட்டி ஒட்டுபவருக்கு 8-பிட் போதும்.

4:2:0, 4:2:2 என்பது நிறத்தை எவ்வளவு சிக்கனமாக எழுதுகிறது என்பது. வெளிச்சத்தை எல்லாப் புள்ளிக்கும் எழுதும், நிறத்தை மட்டும் 4:2:0இல் நான்கு புள்ளிக்கு ஒன்று, 4:2:2இல் இரண்டு புள்ளிக்கு ஒன்று. பச்சைத் திரை வைத்து எடுப்பவருக்கு முடி ஓரத்தில் இது தெரியும், மற்றவருக்கு அபூர்வம்.

எஸ்-லாக் பற்றி ஒரே வார்த்தை. பிறகு நிறம் ஏற்றிக்கொள்வதற்காகப் படத்தை வெளிறியதாகப் பதிவு செய்யும் முறை அது. 8-பிட் மட்டுமே தரும் கேமராவில் எஸ்-லாக்3 வைக்காதீர்கள். சாம்பல் பூத்ததுபோல் வரும் படத்தை நிறமாக மாற்றும்போது மேலே சொன்ன படிக்கட்டு முகத்திலேயே வரும். பிக்சர் புரொஃபைல் என்ற நிற அமைப்பை அணைத்துவிடுங்கள், அல்லது உங்கள் பாடியில் எஸ்-சினிடோன் என்ற நிற அமைப்பு இருந்தால் அதை வையுங்கள். கல்யாண வீட்டு மஞ்சள் வெளிச்சத்தில் தோல் நிறம் நன்றாகவே வரும்.

10-பிட் 4:2:2 போகிறவர்களுக்கு ஒரு விசித்திரம். எக்ஸ்ஏவிசி எஸ்-ல் வரும் 10-பிட் 4:2:2, எச்.264 என்பதால் லேசாக ஓடும் என்று தோன்றும். பல இன்டெல் கணினிகளில் நேர்மாறாக நடக்கும், எச்.264இன் 10-பிட்டுக்குச் சிப் வசதி இல்லாததால் அது திணறும், கனமான எச்.265 சீராக ஓடும். முதலில் சொன்ன இருபது விநாடிச் சோதனையைச் செய்யாமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

பிட்ரேட், கார்டு, கணக்கு

மெனுவில் 100எம், 60எம் என்று இருப்பது விநாடிக்கு இத்தனை மெகாபிட், எம்பிபிஎஸ் என்பதும் அதுதான். கார்டில் எழுதியிருப்பது மெகாபைட். எட்டால் வகுக்க வேண்டும், இந்த ஒரு வகுத்தலைச் செய்யாமல்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். 100எம் என்றால் விநாடிக்கு 12.5 மெகாபைட், மணிக்கு 45 ஜிபி, ஒரு 64 ஜிபி கார்டில் சுமார் 85 நிமிடம். 200எம் என்றால் அதில் பாதி, 42 நிமிடம், காதுகுத்தில் எனக்கு நடந்தது அதுதான். 60எம் என்றால் மணிக்கு 27 ஜிபி.

கார்டின் மேல் பெரிதாக 170 என்று அச்சடித்திருப்பது படிக்கும் வேகம். நீங்கள் பார்க்க வேண்டியது ஓரத்தில் சின்னதாக இருக்கும் வி30, வி60, வி90. எவ்வளவு நேரம் எழுதினாலும் விநாடிக்கு அத்தனை மெகாபைட்டுக்குக் கீழே இறங்காது என்ற உறுதி அது. வி30 என்றால் 240 மெகாபிட் வரை தாங்கும், 100எம், 140எம், 200எம் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். எஸ்-ஐயில் 500எம் எடுப்பவருக்கு விநாடிக்கு 62.5 மெகாபைட் வேண்டும், வி60 பத்தாது, வி90 வாங்க வேண்டும், விலையைப் பார்த்தால் எஸ்-ஐ ஆசையே போய்விடும். எழுதும் வேகம் போதாத கார்டில் ரெக்கார்டிங் நடுவில் நின்றுவிடும். பெரிய கார்டு ஒன்றை விட நடுத்தரமானவை இரண்டு வாங்குவது நல்லது, ஒன்று கெட்டாலும் முகூர்த்தம் மிஞ்சும்.

யூடியூபுக்கு 4கே 25 ஏற்றுவதற்கு அவர்களே பரிந்துரைப்பது 35 முதல் 45 எம்பிபிஎஸ். எடிட் செய்யக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லது, அதனால் 100எம். அதற்கு மேல் என்றால் காரணம் ஒன்று இருக்க வேண்டும்.

வேறு கேமரா வைத்திருப்பவர்கள்

கேனனில் ஐபிபி என்பது வித்தியாசத்தை மட்டும் எழுதும் கடைக்காரர், ஆல்-ஐ என்பது தினமும் எண்ணுபவர், ஐபிபி லைட் இன்னும் சிக்கனம். அங்கே சி-லாக் (கேனனின் லாக்) போட்டால் பல பாடிகள் தாமாகவே எச்.265 10-பிட்டுக்கு மாறிவிடும், லேப்டாப் திடீரென்று திணறினால் அதைத்தான் முதலில் பாருங்கள். ஃபுஜியில் லாங் காப் (வித்தியாசத்தை மட்டும் எழுதுவது), ஆல்-இன்ட்ரா (ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாக எழுதுவது) என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கும். நிக்கானில் எச்.264 8-பிட் என்றும் எச்.265 10-பிட் என்றும் நேராக இருக்கும், இசட்8, இசட்9இல் புரோரெஸ், ரா எல்லாம் உண்டு, இப்போதைக்கு அந்தப் பக்கம் வேண்டாம். பானசோனிக்கில் எண்கள் முழுசாக மெனுவிலேயே தெரியும், எனக்குப் பிடித்த மெனு அது.

இனி உங்கள் கேமராவை எடுத்து, பி.ஏ.எல்., எக்ஸ்ஏவிசி எஸ் 4கே, 25, 100எம், 4:2:0 8-பிட், ஷட்டர் 1/50 என்று வைத்து, மெமரி வசதியில் 1 என்று சேமித்துவிடுங்கள். அதையே 50 ஃபிரேம், 1/100 என்று மாற்றி, 2 என்று சேமியுங்கள். இசட்வி-இ10 போல 4கேயில் 50 இல்லாத பாடி என்றால் இரண்டாவதை ஃபுல் எச்டியில் வையுங்கள். நிகழ்ச்சிக்கு முதல் நாள் இரவு கார்டை காப்பி எடுத்துவிட்டுக் கேமராவுக்குள்ளேயே ஃபார்மட் செய்து, ஒரு நிமிடம் எடுத்து லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.